மதிலடியில் கேட்ட குரல்

ரண்டர்ஸ்
டென்மார்க்
21 மே 2024

அன்புள்ள மருமகள் சாரங்கிக்கு,

நான் சொன்னதெல்லாம் அப்படியே நடந்தது. ஒன்றும் பிசகவில்லை. புறப்படுவதற்கு முதல் நாளே மாமியிடம் சொன்னேன், "இந்தப் பயணத்தோடை அந்தாளின்ரை சாயம் வெளுக்கும், இருந்து பாரும்" என்று. வெளுத்துவிட்டது. விவரம் கீழே வருகிறது. முதலில் சுகம் விசாரிக்க வேண்டும், இல்லாவிட்டால் கடிதத்துக்கு மரியாதை இல்லை. நீயும் சுபாங்கனும் குழந்தை அன்னாவும் நல்லபடி இருப்பீர்கள். எனக்கு ஒரு குறையும் கிடையாது. அறுபத்தெட்டு வயதில் அந்த மலைகளை ஏறி இறங்கி வந்தவனுக்கு என்ன குறை?

போன் வேண்டாம், மெயிலில் எழுதுங்கோ என்று நீ சொன்னது நல்ல யோசனை. என் குரல் கொஞ்சம் பெரிது. உன் மாமி புஷ்பராணி ஒரு சொல்லைக் கேட்டால் அடுத்த நாள் ரண்டர்ஸ் முழுக்கத் தெரியும். நூலகத்தில் வயதானவர்களுக்கு ஐபாட் வகுப்பு ஐந்து நாள் வைத்தார்கள். நான் இரண்டாம் நாளே முடித்துவிட்டேன். படிப்பித்த பெண்ணுக்கும் சில விசயம் காட்டிக்கொடுத்தேன்.

என் ஒரே தங்கை, உன் அம்மா கமலாதேவி, உன் அப்பா போனபின் ஆறு வருசம் தனியே இருந்தவள், இப்போது ஹோர்சன்ஸ் இன்னாசித்தம்பியோடு ஒரே வீட்டில் இருக்கப் போகிறாள் என்று நீ எழுதியபோது எனக்குப் பகீரென்றது. அவர் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போகிறவர் என்பதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். எனக்குப் பரந்த மனம். ஆனால் அறுபத்திரண்டு வயது மனிதர், மனைவி செத்து ஒன்பது வருசம் என்கிறார். செத்ததை யார் பார்த்தது? அவர்கள் இருவரும் இருக்கிற நடைக்குழுவில் சேர்ந்து இங்கிலாந்துக்குப் போய்ப் பக்கத்தில் நின்று கவனியுங்கோ மாமா என்றாய். கவனித்தேன்.

நாங்கள் நடக்கப் போன மதிலைப் பற்றி இரண்டு வார்த்தை. ரோமாபுரிச் சக்கரவர்த்தி ஹட்ரியன் ஆயிரத்துத் தொளாயிரம் வருசத்துக்கு முன்பு தன் ராச்சியத்தின் வடக்கு எல்லையில் கடலிலிருந்து கடல்வரை கட்டியது. நூற்றுப்பதினேழு கிலோமீற்றர் என்று வழிகாட்டிப் பெண் சொன்னாள். எனக்கு நூற்றைம்பது வரும் என்று பட்டது. மரியாதைக்குப் பேசாமல் இருந்தேன். வெட்டவெளி, புல், ஆடு, காற்று, நடுவிலே மதில். அந்தக் கல்லெல்லாம் யானை வைத்து இழுத்தது. நாங்கள் அதில் ஒரு துண்டைத்தான் ஒரு நாளில் நடந்தோம். நான் பெரும்பாலும் முன்னணியில்.

இனி விசயம். பத்தொன்பது பேரில் இன்னாசித்தம்பி மட்டும் எல்லாருக்கும் பின்னால் நடந்தார். நடக்க ஏலாதவர் அல்ல. பின்னால் நடப்பவனுக்கு எல்லாரும் தெரிவார்கள், அவன் ஒருவருக்கும் தெரியமாட்டான். இரண்டாவது, சேர்ட் பையில் ஒரு சின்னக் கொப்பி. அடிக்கடி எடுத்து ஏதோ எழுதுகிறார். மூன்றாவது, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். எங்கள் ஆட்களில் அப்படி ஒருவரை நீ கண்டிருக்கிறாயா? நாலாவது, உன் அம்மா எல்லாருக்கும் வடை நீட்டினாள். ஆளுக்கு மூன்று எடுத்தோம். அவர் ஒன்று எடுத்தார். அடக்கமானவர் என்று நீ நினைப்பாய். ஒளிக்கிறவனும் அப்படித்தான் சாப்பிடுவான்.

யோசித்துப் பார். பதில் போடு.

உன் சுகமே தன் சுகமென்று இருக்கும்
மாமா சிவபாலன்


வால்பி, கோப்பன்ஹேகன்
23 மே 2024

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். அன்னாவுக்குப் பல் முளைக்கிறது, இரவில் அழுகிறாள். நீங்கள் பிரஷர் குளிசையை ஒழுங்காக எடுக்கிறீர்களா? அவ்வளவு மலை ஏறினீர்கள் என்று படித்தபோது எனக்குப் பயமாக இருந்தது. எனக்காகப் போனதற்கு நன்றி.

ஆனால் மாமா, பின்னால் நடப்பது குற்றமல்ல. கொப்பி வைத்திருப்பதும் குற்றமல்ல. ஒரு வடை சாப்பிட்டார் என்று நான் அம்மாவிடம் போய்ச் சொன்னால் அம்மா சிரிப்பா. அவ இந்த வயதில் அப்படிச் சிரிக்கிறதை நான் கனகாலத்துக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன், அதனாலேயே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் அவர் ஹோர்சன்ஸிலிருந்து ரெயிலில் இஷொய்க்கு, அம்மா வீட்டுக்கு வருகிறார். மூன்று மணித்தியாலம் வந்து, நாலு மணித்தியாலம் இருந்து, மூன்று மணித்தியாலம் திரும்பிப் போகிறார். யார் அப்படிச் செய்வார்கள்?

ஓகஸ்டில் ஹோர்சன்ஸில் வீடு பார்க்கப் போகிறார்களாம். அம்மா முதியோர் இல்ல வேலையையும் அங்கே மாற்றிக் கேட்கப் போகிறா. அன்னாவை வாரத்தில் நாலு நாள் அம்மாதான் வூகஸ்டூக் குழந்தைகள் காப்பகத்திலிருந்து கூட்டி வந்து, நான் ஆய்வுகூட வேலை முடிந்து வரும்வரை வைத்திருக்கிறா. அது வேறு விசயம்.

நிச்சயமாக ஏதாவது கண்டீர்களா, கேட்டீர்களா? அப்படி ஒன்று இருந்தால் மட்டும் எழுதுங்கள். இல்லையென்றால் நான் வாயை மூடிக்கொண்டு இருக்கத்தான் வேண்டும்.

மதில் கட்ட யானை கொண்டுவந்ததாக நான் தேடிய எந்த இடத்திலும் இல்லை.

மாமியின் கைகால் உளைவு குறைந்திருக்கும் என்று எண்ணும்
சாரங்கி


ரண்டர்ஸ்
26 மே 2024

அன்புள்ள மருமகளுக்கு,

குழந்தையின் பல்லுக்குக் கராம்பு எண்ணெய் ஒரு துளி தொட்டுப் பூசு. டொக்டர் வேண்டாம் என்பார், டொக்டருக்குப் பல் முளைத்தபோது அதைத்தான் பூசியிருப்பார்கள். நான் கல்லுப்போல இருக்கிறேன். குளிசையைப் பற்றிக் கேட்காதே, அதெல்லாம் மாமியின் இலாகா.

யானை விசயத்தில் நீ புத்தகத்தில் பார்த்தாய், நான் நேரில் பார்த்தேன். அவ்வளவுதான்.

நிச்சயமாக ஏதாவது கேட்டீர்களா என்று எழுதியிருக்கிறாய். மருமகளே, சொல்லாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். ஒரு மனிதரின் மானம். ஆனால் நீ கேட்டபின் மறைத்தால் நான் தாய்மாமன் இல்லை.

மதிலில் ஒவ்வொரு மைலுக்கும் ஒரு சின்னக் காவல் கோட்டை இருந்திருக்கிறது. இப்போது இடுப்பளவு கற்கள்தான் மிச்சம். மத்தியானம் போல அப்படியொரு இடத்தில் எல்லாரும் படம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் சப்பாத்து நூல் கட்டக் கல்லுக்கு இந்தப் பக்கம் குனிந்தேன். அந்தப் பக்கம் இன்னாசித்தம்பி. தனியே. அவருடைய போன் அடித்தது. காற்றுக்குக் கேட்காதென்று சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறார் போல, அந்தப் பக்கத்துக் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஒரு பெண். எங்கள் பெண். அவள் சொன்னது:

"இஞ்சருங்கோ, சாப்பிட்டீங்களே?"

இவர் குரலைத் தணித்து, "பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டார்.

இஞ்சருங்கோ! நீ டென்மார்க்கில் வளர்ந்தாலும் இது உனக்குத் தெரியும். எங்கள் பெண்கள் அந்தச் சொல்லைப் புருசனைத் தவிர வேறு ஒருவருக்கும் செலவழிக்கமாட்டார்கள். உன் மாமி முப்பத்தெட்டு வருசமாக என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள். என் பெயர் அவளுக்கு மறந்திருக்கும். கோர்ட்டில் கேஸ் வைத்தால் இந்த ஒரு சொல் போதும்.

இனி நீ பார்த்துச் செய்.

கண்ணும் காதும் இன்னும் கூர்மையாக உள்ள
மாமா


வால்பி
29 மே 2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை வேலையில் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். சாப்பிடவில்லை. மற்றபடி சுகம்.

அவருக்கு நோர்வேயில் கலியாணம் செய்த ஒரு மகள் இருக்கிறா. மகளாக இருக்கலாமா? சரியாக அந்தச் சொல்தானா? காற்று இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு நூறு வீதம் நிச்சயம் என்றால்தான் நான் அம்மாவிடம் கதைப்பேன். இதைச் சொன்னபின் திருப்பி எடுக்க முடியாது.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

சாரங்கி


ரண்டர்ஸ்
2 யூன் 2024

அன்புள்ள மருமகளுக்கு,

சாப்பாட்டை விடாதே. எதிரியைப் பிடிக்கப் போகிறவன் முதலில் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். நான் இன்றைக்கு ஆறு புட்டுக்குழல் சாப்பிட்டேன்.

நீ நூறு வீதம் கேட்டாய். நூற்றிருபது தருகிறேன். மகள் தகப்பனை இஞ்சருங்கோ என்பாளா? நோர்வேயில் அப்படிப் புதுச் சட்டம் வந்திருக்கிறதா? அந்தக் குரலுக்கு ஐம்பது, ஐம்பத்தைந்து வயது இருக்கும். வடமராட்சிப் பக்கத்து இழுவை. பேச முதல் ஒருதரம் செருமினாள், வழக்கமாகக் கதைக்கிற ஆள் செருமுவதுபோல. பின்னால் ஒரு பிரஷர் குக்கர் விசிலும் கேட்டது. இதற்குமேல் என்ன வேண்டும்? காற்றைப் பற்றிச் சொன்னாய். இறைச்சித் தொழிற்சாலையில் இருபத்தேழு வருசம் இயந்திரச் சத்தத்துக்குள் நின்று, எந்தப் பல்லுச்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று காதால் கண்டுபிடித்தவன் நான். எஞ்சினியர்மார் என்னிடம் வந்து கேட்டுப் போவார்கள்.

என் பெயரை மட்டும் கமலாவிடம் சொல்லாதே. பயத்தினால் அல்ல. நல்லது செய்கிறவன் பெயர் தேடக் கூடாது.

ஆண்டவன் துணையிருப்பான் என்று கூறும்
மாமா


வால்பி
24 யூன் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் போடப் பிந்திவிட்டது. எல்லாரும் சுகமாக இருக்கிறோம் என்றுதான் எழுத வேண்டும்.

நான் அம்மாவிடம் சொன்னேன். எட்டாம் திகதி சனிக்கிழமை, இஷொய் வீட்டுக் குசினியில். அம்மா ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தா. அவருக்கு வேறு ஆரோ இருக்கினம் என்றேன். ஆர் சொன்னது என்று கேட்டா. தெரிந்த ஆள், பெயர் கேட்காதேங்கோ என்றேன். என்ன ஆதாரம் என்று கேட்டா. மதிலடியில் அவருடைய போனில் வந்த அந்தச் சொல்லைச் சொன்னேன்.

மாவிலிருந்து கையை எடுத்தா. பைப்பைத் திறந்து கழுவினா. பிறகு "சரி" என்றா. அவ்வளவுதான், மாமா. ஒரு கேள்வியும் இல்லை. அந்த மா அப்படியே கிடந்து காய்ந்தது, நான்தான் எடுத்துக் கொட்டினேன்.

அடுத்த நாள் அவர் வந்தவுடன் ஸ்டேசனிலேயே கதைத்து அனுப்பிவிட்டாவாம். அதற்குப் பிறகு ஞாயிறுகளில் அவர் வருவதில்லை. ஹோர்சன்ஸ் வீடு பார்க்கிற கதையும் நின்றுவிட்டது. அம்மா முன்னைப்போல அன்னாவைக் கூட்டி வந்து சாப்பாடு கொடுத்து வைத்திருக்கிறா. எல்லாம் பழையபடி இருக்கிறது.

நீங்கள் கேட்டது அதுதானே மாமா, அந்தச் சொல்?

சாரங்கி


ரண்டர்ஸ்
30 யூன் 2024

அன்புள்ள மருமகளுக்கு,

சுகம், சுகம், பரம சுகம். நல்ல காரியம் செய்தாய். இதையும் நான் எதிர்பார்த்தேன்: கேள்வி கேட்காமல் சரி என்பாள் என்று. சின்ன வயதிலிருந்தே கமலா அப்படி. கொஞ்ச நாள் முகம் வாடியிருக்கும், பிறகு மறந்துவிடுவாள். ஒரு டீவி வாங்கிக் கொடு, பெரியதாய்.

இங்கே தமிழர் ஒன்றுகூடலில் என்னைப் பேசச் சொன்னார்கள். ரோமர் எல்லை பற்றி ஒரு மணித்தியாலம் பேசினேன். செங்குத்துப் பாறைகளில் நான் எப்படி ஏறினேன், காற்று எப்படி ஆளைத் தூக்கியது, ரோமப் படைவீரர் பன்னிரண்டு பேர் வரிசையாக இருந்து மலம் கழித்த கல்லுக் கக்கூசு எப்படி இருந்தது என்று எல்லாம். சனம் கைதட்டியது. மாமி மட்டும் இடையில் எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விட்டாள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். ஸ்டேசனில் கதைத்தபோது அந்தாள் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாராமா? மலையில் நடந்ததைப் பற்றி? சும்மா கேட்கிறேன். குற்றம் பிடிபட்டவன் மற்றவன்மேல் சேறு பூசப் பார்ப்பான், அதற்காக.

உன்னையும் பிள்ளையையும் நினைத்துக்கொண்டிருக்கும்
மாமா


வால்பி
18 ஓகஸ்ட் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

கோடை லீவு முடிந்துவிட்டது. அன்னா நடக்கிறாள், விழுகிறாள், சிரிக்கிறாள். எங்களுக்குச் சுகம். அம்மாவைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. நோய் ஒன்றும் இல்லை. வேலைக்குப் போறா, வாறா, அன்னாவோடு விளையாடுறா. ஆனால் நான் போகும்போதெல்லாம் வீட்டில் லைட் போடாமல் இருக்கிறா.

நீங்கள் போன கடிதத்தில் "மலையில் நடந்தது" என்று எழுதியிருந்தீர்கள். என்ன நடந்தது என்று நான் அப்போது கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன், அதற்குக் காரணம் இருக்கிறது.

நேற்று அன்னா அம்மாவின் ஐபாடைத் தட்டிக்கொண்டிருந்தாள். மதில் பயணத்துப் படங்கள் வந்தன. அறுபத்துநாலு படங்கள். முதல் படத்தில், வாகனத் தரிப்பிடத்தில், பத்தொன்பது பேரும் நிற்கிறீர்கள். அடுத்த ஐம்பத்தெட்டுப் படங்களில் நீங்கள் இல்லை. மலையில் இல்லை, காவல் கோட்டையில் இல்லை, போன வருசம் ஆரோ வெட்டின அந்தப் பேர்போன மரத்தின் அடிக்கட்டையில் இல்லை. மாமா, அவரும் இல்லை. நான் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி ஆட்களை எண்ணினேன். கடைசிப் படங்களில், நடை முடிந்த பெரிய ரோமக் கோட்டை வாசலில் இரண்டு பேரும் திரும்ப வந்துவிட்டீர்கள். மற்ற எல்லாருடைய சப்பாத்திலும் சேறு. உங்கள் இரண்டு பேருடைய சப்பாத்திலும் இல்லை.

நீங்கள் அன்று எங்கே இருந்தீர்கள்?

சாரங்கி


ரண்டர்ஸ்
20 ஓகஸ்ட் 2024

அன்புள்ள மருமகளுக்கு,

சுகம்.

இதில் என்ன ஆச்சரியம்? நான் முன்னால் நடக்கிறவன், உன் அம்மா நடுவில். நடுவில் நின்று படம் எடுத்தால் முன்னால் போனவன் எப்படி விழுவான்? அவர் பின்னால், அவரும் விழமாட்டார். சப்பாத்தைப் பொறுத்தவரை நான் கால் வைக்கும் இடம் பார்த்து வைப்பேன். உனக்கு ஆய்வுகூடத்தில் வேலை கூடிப்போய்விட்டது, எல்லாவற்றையும் கண்ணாடி வைத்துப் பார்க்கிறாய். முடிந்த விசயத்தைக் கிளறாதே.

மாமி கூப்பிடுகிறாள்.

மாமா


இஷொய்
6 ஒக்ரோபர் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

கமலாதேவி எழுதுவது. அண்ணியும் நீங்களும் நல்ல சுகத்தோடு இருக்கவேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது நினைப்பேன். போனில் கேட்டால் என் குரல் உடைந்துவிடும், நீங்களும் சத்தமாகக் கதைப்பீர்கள். அதனால் பேனையும் தாளும் எடுத்தேன். பிழை இருந்தால் பொறுங்கள்.

சாரங்கி எனக்குப் பெயர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. யார் என்று எனக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று ஸ்டேசன் மேடையில் அவர் இறங்கினவுடனே நான் கேட்டுவிட்டேன். உங்களை இஞ்சருங்கோ என்று கூப்பிடுகிற பெண் ஆர் என்று. அவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். பிறகு, "எங்கை வைச்சுக் கேட்டதாம்?" என்றார்.

"மதிலடியிலை. அண்டைக்கு."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அண்ணை. கோபம் வரவில்லை. "அப்பிடியெண்டால் எனக்கு ஆளைத் தெரியும்" என்றார். "ஆரெண்டு சொல்லுங்கோ, பொய்யெண்டு சொல்லுங்கோ, நான் நம்புறன்" என்றேன். அவர் சொன்னது இதுதான்: "நான் ஒருதருக்கு ஒரு வாக்குக் குடுத்திருக்கிறன், கமலா. இதைப் பொய்யெண்டு நான் நிரூபிக்க வெளிக்கிட்டால் அந்த வாக்கு உடையும். நீங்கள் என்னை நம்பினால் அது இல்லாமலே நம்புவீங்கள்." எனக்கு ஆத்திரம். வாக்காம். எந்தக் கள்ளனும் சொல்லக்கூடிய கதை. போங்கோ என்று சொல்லிவிட்டேன். அடுத்த ரெயிலில் போய்விட்டார்.

நாலு மாசமாக அதையே யோசிக்கிறேன். தன்னைக் காப்பாற்றக்கூட வாய் திறக்காத அளவுக்கு ஒரு மனிதர் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருப்பார்? வேறு பெண் இருந்தால் இல்லை என்றுதானே சொல்லியிருப்பார்?

இப்போது அவருடைய மகள் நோர்வேக்கு வந்து தன்னோடு இருக்கச் சொல்லி நிற்கிறாவாம். நவம்பர் முப்பதோடு ஹோர்சன்ஸ் வீட்டைத் திருப்பிக் கொடுக்கிறார். நடைக்குழுவில் சொன்னார்கள். போனால் அவர் திரும்பி வரமாட்டார், எனக்கு அவரைத் தெரியும்.

அண்ணை, கால் சுளுக்கி அவர் பின்தங்கின அன்று அவரோடு நின்றது நீங்கள்தான். நீங்கள் என்ன கேட்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

உங்கள் தங்கை
கமலா


வால்பி
3 நவம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மா உங்களுக்கு எழுதி நாலு கிழமையாகிவிட்டது. தபால் பெட்டியைத் தினமும் இரண்டு தரம் போய்ப் பார்க்கிறா.

நான் உங்களோடு சண்டை பிடிக்க எழுதவில்லை. நிச்சயமாக ஏதாவது இருந்தால் எழுதுங்கள் என்று மே மாதம் உங்களைக் கேட்டது நான். இரண்டாம் தரமும் நூறு வீதம் கேட்டேன். நீங்கள் என்ன எழுதினாலும் நான் நம்பத் தயாராக இருந்தேன், அது ஏன் என்று எனக்குத் தெரியும். அதை இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை.

வேலை நேரத்தை மாற்றிக் கேட்டிருக்கிறேன். வருகிற திங்கள் முதல் அன்னாவை நானே கூட்டி வருவேன்.

எழுதுவதென்றால் அம்மாவுக்கு எழுதுங்கள். எனக்கு வேண்டாம்.

சாரங்கி


ரண்டர்ஸ்
10 நவம்பர் 2024

அன்புள்ள தங்கை கமலாவுக்கு,

எனக்குச் சுகமில்லை. இதை எழுதி எத்தனை வருசம் என்று யோசித்துப் பார்த்தேன், எழுதியதே இல்லை. மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடைக்கிறது. அடுத்த கிழமை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போகிறார்கள். அண்ணிக்கு இன்றைக்குத்தான் தெரியும். திட்டிக்கொண்டே கஞ்சி வைத்துத் தந்தாள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். என் வழியில் வரவிடு.

அன்று வாகனம் எங்களை இறக்கிவிட்ட இடத்திலிருந்து பத்து நிமிடத்தில் முதல் பாறை வந்தது. செங்குத்தாகக் கற்படி. நீங்கள் எல்லாரும் கதைத்துக்கொண்டு ஏறிவிட்டீர்கள். நான் பாதி ஏறினேன். பிறகு மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. மூச்சு வரவில்லை. ஒரு பக்கம் மதில், மற்றப் பக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் வெளி. நான் அந்தப் படியில் நாலு காலில் நின்றேன், கமலா. ஊரில் செல் குண்டு விழுந்தபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை. அந்தப் பயத்தில் காற்சட்டையோடு சலம் போய்விட்டது.

பின்னால் வந்தவர் இன்னாசித்தம்பி. நான் மெதுவாக நடப்பதைக் காலையிலேயே கண்டுபிடித்து, எனக்காகத்தான் பின்னால் வந்திருக்கிறார். ஒவ்வொரு படியாக என் காலைப் பிடித்து வைத்து வைத்துக் கீழே இறக்கினார். தன் பையிலிருந்து மழைக் காற்சட்டையை எடுத்துத் தந்து, நான் மாற்றும்வரை மற்றப் பக்கம் திரும்பி நின்றார். சின்னக் கொப்பியில் என் நாடித் துடிப்பை நேரம் போட்டு எழுதினார். அது அவர் தன் மனைவி வருத்தமாகக் கிடந்த காலத்தில் பழகியதாம். வழிகாட்டிக்குப் போன் பண்ணி, தனக்குக் கால் சுளுக்கிவிட்டது, சிவபாலண்ணை துணைக்கு நிற்கிறார் என்று சொன்னார். தனக்கு என்று. அந்த நாள் முழுக்க இரண்டு பேரும் தெருவோரத் தேத்தண்ணிக் கடையில் இருந்து, பிறகு பஸ்ஸில் பெரிய கோட்டைக்கு வந்து உங்களைச் சந்தித்தோம். பாதி மதில்கூட நான் பார்க்கவில்லை.

தேத்தண்ணிக் கடையில் நான் அவருடைய கையைப் பிடித்து, "கமலாவுக்குச் சொல்லாதேங்கோ, ஒருதருக்கும் சொல்லாதேங்கோ" என்று கேட்டேன். "நான் ஏன் சொல்லப் போறன் அண்ணை, தேத்தண்ணியைக் குடியுங்கோ" என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. இதை உனக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று தெரியவில்லை. என்னை அந்தக் கோலத்தில் கண்ட ஒரே மனிதர் என் தங்கையின் வீட்டில் ஒவ்வொரு நாளும் இருக்கப் போகிறார், நான் வந்தால் வாங்கோ அண்ணை என்று கதவு திறக்கப் போகிறார். சாரங்கி என்னிடம் ஆதாரம் கேட்டாள். நான் கொடுத்தேன். அவளைக் குறை சொல்லாதே, கேட்டவள் சின்னவள்.

நேற்று ஹோர்சன்ஸுக்குப் போனேன். ரெயிலில் ஒரு நல்ல பேச்சுத் தயாரித்து வைத்திருந்தேன். கதவைத் திறந்து, "மூச்சு எப்பிடி இருக்கு அண்ணை?" என்று கேட்டார். அவ்வளவுதான், என் பேச்சு போய்விட்டது. வீடு முழுக்கப் பெட்டிகள். மன்னிப்புக் கேட்கப் போனவன் நாலு மணித்தியாலம் அவருடைய பெட்டிகளுக்கு ஒட்டுநாடா சுற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். அவரும் அந்தக் கதையை எடுக்கவில்லை. கடைசியில் கதவடியில், "கமலா சுகமே?" என்று மட்டும் கேட்டார். சுகம் என்றேன். அதுவும் பொய்.

இன்னும் இருபது நாள் இருக்கிறது. அவருடைய நம்பர் உன்னிடம் இருக்கிறது. இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு நீ என்ன செய்தாலும் நான் குறுக்கே நிற்கமாட்டேன். அவருக்கு வாசித்துக் காட்டு. காற்சட்டை விசயத்தையும் சேர்த்து வாசி. என் வீட்டு வாசலில் இனி நீ காலெடுத்து வைக்கமாட்டாய் என்றாலும் சரிதான் என்று சொல்லுவேன்.

நீ கேட்ட கேள்விக்கு ஒரு வரியில் பதில் இருந்தது, நான் இவ்வளவு சுற்றி வந்திருக்கிறேன். அன்று முழுக்க அவருடைய பக்கத்தில் இருந்தது நான் மட்டும்தான். அவருக்கு ஒரு போனும் வரவில்லை, கமலா. எந்தப் பெண்ணும் அவரைக் கூப்பிடவில்லை. அந்தச் சொல்லை நான்தான் அந்தப் பெண்ணின் வாயில் வைத்தேன். அந்தப் பெண்ணையும் நான்தான் உண்டாக்கினேன்.

அண்ணன்
சிவபாலன்